வீக்கம் வற்றினாலும் குளிசையை நிறுத்தாதீர்கள்

"கால் வீக்கம் வற்றிவிட்டது. இனி மருந்து எதற்கு?" இருதய பலவீனத்துக்கு மருந்தெடுக்கும் பலர் கேட்கும் கேள்வி இது. இடம்பெயர்ந்து வாழ்வோருக்கு வேறு தடைகளும் உண்டு. கிளினிக் தூரம், மலசலகூடமும் தூரம். அதனால் குளிசை இடையில் நின்றுவிடுகிறது. சில கிழமைகளில் மூச்சுத் திணறலுடன் வைத்தியசாலைக்கு ஓட நேரிடுகிறது.

இருதய பலவீனம் என்றால் இருதயம் நின்றுபோவதல்ல. இறைக்கும் வலு அதற்குக் குறைந்துவிடுகிறது. பழுதான மிசின் நீரை இறைக்காவிட்டால் வயலில் வெள்ளம் நிற்பது போல, நுரையீரலிலும் கால்களிலும் நீர் தங்கிவிடுகிறது.

நீரை வடிக்கும் குளிசை

புரூசமைட் என்னும் குளிசை மேலதிக நீரைச் சலமாக வெளியேற்றும். வீக்கமும் இளைப்பும் விரைவில் குறைவது இதனால்தான். ஆனால் இது வாய்க்காலை வெட்டி நீரை வடிப்பது போன்றதே. மிசினைத் திருத்தும் வேலையை இது செய்வதில்லை.

விழுங்கி ஒரு மணித்தியாலத்துள் சலம் போகத் தொடங்கும். ஏறத்தாழ ஆறு மணித்தியாலம் வேலை செய்யும். ஆகவே காலையில் எடுப்பது நல்லது. பஸ் பயணத்துக்காகவோ, மலசலகூட வசதி இல்லையென்றோ குளிசையைத் தவிர்ப்பவர்கள் பலர், குறிப்பாகப் பெண்கள். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

இருதயத்தைக் காக்கும் குளிசைகள்

இறைக்கும் வலு குறைந்தவர்களின் ஆயுளை நீட்டுபவை வேறு குளிசைகள். எடுத்தவுடன் இவற்றின் பலன் தெரியாது.

எனலாபிரில், லொசாட்டன் போன்றவை இரத்தக் குழாய்களைத் தளர்த்தி இருதயத்தின் சுமையைக் குறைக்கும். 1987இல் வெளியான ஸ்கண்டிநேவிய ஆய்வொன்றில், கடும் நோயாளரில் எனலாபிரில் கிடைக்காதோர் 100க்கு 44 பேர் 6 மாதத்துள் இறந்தனர். கிடைத்தவர்களில் அது 26 ஆகக் குறைந்தது. எனலாபிரிலால் வறட்டு இருமல் வந்தால் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. கர்ப்பிணிகளுக்கு இவ்வகை மருந்துகள் ஆகாது.

காவிடிலோல், பைசோபுரலோல் ஆகியவை இருதயத் துடிப்பை நிதானப்படுத்தும். தொடக்கத்தில் களைப்புத் தரலாம். திடீரென நிறுத்துவது ஆபத்து.

ஸ்பைரனோலக்ரோன் கடும் நோயாளரின் இறப்பை ஏறத்தாழ 30 சதவீதம் குறைப்பதாக 1999இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆண்களுக்கு மார்பு வீங்கி நொந்தால் வைத்தியரிடம் கூறுங்கள்.

எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் ஆகியவை நீரிழிவுக்கென வந்தவை. நீரிழிவு இல்லாத இருதய நோயாளருக்கும் இன்று கொடுக்கப்படுகின்றன.

சிலருக்கு டிகொக்சினும் தரப்படும். பசியின்மை, வாந்தி, பார்வையில் மஞ்சள் நிறம், நாடித் துடிப்பு மிகக் குறைதல் ஆகியவை அது உடலில் கூடிவிட்டதன் அடையாளங்கள். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை

நாரி நோவுக்குக் கடையில் டைக்குளோபெனாக், இபுபுரூபன் வாங்கி விழுங்காதீர்கள். அவை உடலில் நீரைத் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். நோவுக்கு எதை எடுக்கலாம் என்று கேளுங்கள்.

கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் ஆகியவற்றில் உப்பு அதிகம். எனலாபிரில், ஸ்பைரனோலக்ரோன் எடுப்போர் இளநீரை அடிக்கடி குடிப்பதும் நல்லதல்ல. அதிலுள்ள பொற்றாசியம் இரத்தத்தில் கூடினால் இருதயத் துடிப்பைக் குழப்பும்.

வயிற்றோட்டம், வாந்தி ஏற்பட்டால் சில குளிசைகளைத் தற்காலிகமாக நிறுத்த நேரிடலாம். எவற்றை என்பதை அன்றே வைத்தியரிடமோ தாதியிடமோ கேட்டறியுங்கள்.

தராசு கிடைக்குமானால் காலையில் நிறையைப் பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால், மூச்சுத் திணறும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

இடம் மாறும்போது

அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் நனையாத உறையில் ஒன்றாக வையுங்கள். குளிசைப் பெயர்களையும் அளவுகளையும் துண்டில் எழுதி வீட்டில் இன்னொருவரிடம் கொடுங்கள். கொப்பி தொலைந்தாலும் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குச் செல்லத் தயங்க வேண்டாம். மருந்து அங்கு இலவசம். வெற்றுக் குளிசை அட்டையைக் காட்டினாலும் உதவியாகும். ஒருவேளை மறந்தால் அடுத்த வேளை இரட்டிப்பாக எடுக்காதீர்கள். மற்றவரின் குளிசையைக் கடன் வாங்கவும் வேண்டாம்.

வீக்கம் வற்றியது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்; நோய் போய்விட்டது என்பதற்கல்ல.