எல்லைக் கிடங்குகளில் தொழிலாளர் பாதுகாப்பு: புதிய சட்டத்திலும் நீடிக்கும் இடைவெளி

புது தில்லி: பாலக்காட்டில் 1,710 ஏக்கர் பரப்பில், ரூ. 3,806 கோடி செலவில் தொழில் நகரம் அமைக்க மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 28-ஆம் தேதி ஒப்புதல் அளித்தது. வாளையார் சோதனைச் சாவடிக்கு அப்பால் கஞ்சிக்கோடு வரை ஏற்கெனவே தொழிற்சாலைகள் நிறைந்துள்ள பகுதி இது. புதிய ஆலைகள் வரும்போது கிடங்குகளும் பெருகும். ஆனால், அக்கிடங்குகளில் பணிபுரிவோரின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இன்னும் முழுமையான விடை இல்லை.

கிடங்கு, ஆலை அல்ல!

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், உற்பத்தி நடைபெறும் இடத்தையே தொழிற்சாலையாகக் கருதியது. 1976-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் குளிர்பதனக் கிடங்குகள் அதன் வரம்புக்குள் வந்தன. தனியே இயங்கும் சாதாரணக் கிடங்குகளோ கடைகள், வணிக நிறுவனங்களுக்கான மாநிலச் சட்டங்களின் கீழேயே விடப்பட்டன. பாரந்தூக்கும் இயந்திரங்களை ஆண்டுக்கு ஒரு முறையேனும் தகுதி வாய்ந்தவர் சோதிக்க வேண்டும், தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்க வேண்டும் என்பன போன்ற தொழிற்சாலைச் சட்ட விதிகள் இக்கிடங்குகளைக் கட்டுப்படுத்தவில்லை.

அந்தச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றிணைத்து 2020-இல் நிறைவேற்றப்பட்ட பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக மத்திய அரசு அறிவித்தது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் எந்த வணிக நிறுவனமும் இதன் வரம்புக்குள் வரும் என்பதால் கிடங்குகளும் அடங்கும். பணியிடத்தில் பயன்படும் பொருள்களை வடிவமைப்போருக்கும் வழங்குவோருக்கும் பொறுப்பு உண்டு என்பதும் வரவேற்கத்தக்கது.

எனினும், பாதுகாப்பு அலுவலரை நியமிக்கும் கட்டாயம் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தொழிலாளர்களைக் கொண்ட தொழிற்சாலைகள், சுரங்கங்கள், கட்டுமானப் பணிகளுக்கே விதிக்கப்பட்டுள்ளது. கிடங்குகள் அப்பட்டியலில் இல்லை. பத்துப் பேருக்கும் குறைவானோரைக் கொண்ட சிறு கிடங்குகள் பொதுவாகச் சட்டத்தின் வரம்புக்கே வெளியே நிற்கின்றன. இதனிடையே, புதிய சட்டத் தொகுப்புகளை நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி அரசு 2025-இல் அறிவித்தது. தொழிலாளர் உரிமைகள் பறிபோகும் என்பது அதன் வாதம். அந்த அரசியல் மோதலில் கிடங்குத் தொழிலாளரின் பாதுகாப்பு பேசுபொருளாகவே இல்லை.

ஒரு தூண் வளைந்தால்...

கிடங்குகளில் சரக்குகளை அடுக்கும் இரும்பு ரேக்குகள் பார்ப்பதற்கு உறுதியானவை. ஆனால், மெல்லிய தகட்டை மடித்துச் செய்யப்பட்ட தூண்களே பல டன் பாரத்தைத் தாங்குகின்றன. ஃபோர்க்லிஃப்ட் வாகனம் அடித்தூணில் மோதி அது சற்றே வளைந்தாலும் தாங்குதிறன் வெகுவாகக் குறையும். தரைக்கு அடுத்துள்ள முதல் குறுக்குச் சட்டத்தை உயர்த்தி மாட்டினாலும் இதே நிலைதான். ஒரு வரிசை சரிந்தால் அடுத்த வரிசைகளையும் அது இழுத்துச் செல்லக்கூடும்.

பிரேசிலின் சாவ் லூயிஸ் நகரில் 2020 அக்டோபர் 2-ஆம் தேதி பெரிய அங்காடி ஒன்றில் அடுக்குகள் அடுத்தடுத்துச் சரிந்ததில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். நம் நாட்டில், கர்நாடக மாநிலம் விஜயபுராவில் 2023 டிசம்பர் 4-ஆம் தேதி தானியப் பதப்படுத்தும் நிறுவனம் ஒன்றில் சேமிப்பு அமைப்பு சரிந்து, மக்காச்சோளக் குவியலில் சிக்கி 7 தொழிலாளர்கள் இறந்தனர். அவர்கள் பிகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

ஐரோப்பியத் தர விதிகளின்படி, ரேக்குகளை ஆண்டுக்கு ஒரு முறையேனும் வல்லுநர் ஆய்வு செய்ய வேண்டும். சேதம் பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் தரம் பிரிக்கப்படும். சிவப்பு என்றால் உடனே சரக்கை இறக்கியாக வேண்டும். அமெரிக்காவில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் திறன் 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை மதிப்பிடப்படுகிறது.

எந்த மொழியில் எச்சரிக்கை?

எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேனி மாவட்டத்திலிருந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் நாள்தோறும் ஜீப்புகளில் சென்று வருகின்றனர். அங்கு விளையும் ஏலக்காய் மூட்டைகளாகச் சேமிக்கப்பட்டு, புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் நடைபெறும் ஏலங்களில் விற்பனையாகிறது. பாலக்காடு பகுதி ஆலைகளிலோ தமிழர்களுடன் வட மாநிலத்தவரும் பணிபுரிகின்றனர். ரேக்கின் தாங்கும் எடையை ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ மட்டும் எழுதி வைத்தால், மூட்டையை ஏற்றுபவருக்கு அதனால் பயனில்லை.

சுமைப்பணித் தொழிலாளர்களுக்கென 1978-லேயே தனிச் சட்டம் கண்ட மாநிலம் கேரளம். கூலி, பணிப் பகிர்வு, நல வாரியம் ஆகியவற்றில் அது முன்னோடி. ஆனால், தலைச்சுமையின் இடத்தை இயந்திரம் பிடிக்கும்போது அத்தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளிக்காவிட்டால், அவர்கள் வேலையை இழப்பார்கள். அல்லது தெரியாத இயந்திரத்தின் அருகே நின்று உயிரைப் பணயம் வைப்பார்கள்.

தொழில் நகரத்துக்கு நிதி அளிக்கும் மத்திய அரசும், நிலம் அளிக்கும் மாநில அரசும் ஒரு நிபந்தனையை விதிக்க முடியும். ரேக்குகளுக்கு ஆண்டு ஆய்வு, இயந்திரம் இயக்குவோருக்குச் சான்றிதழுடன் கூடிய பயிற்சி, தொழிலாளர் அறிந்த மொழியில் எச்சரிக்கைப் பலகை ஆகிய மூன்றும் இன்றி எந்தக் கிடங்கும் செயல்பட அனுமதி இல்லை என்பதே அது. சட்டத் தொகுப்பு குறித்த மோதல் முடியும்வரை இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கிடங்கு கட்டப்படும் முன்பே இதைச் செய்வது எளிது. விபத்துக்குப் பிறகு விசாரணைக் குழு அமைப்பதால் போன உயிர் திரும்பாது.