தாயற்ற குஞ்சுகளும் வெப்பமும்

கோழிமுட்டை அடைவைக்கப்பட்ட 21ஆம் நாளில் ஓடு திறந்து குஞ்சு வெளிப்படுகின்றது என்பது யாவரும் அறிந்ததே. அக்குஞ்சு தாயின் சிறகினடியிற் புகுந்துகொள்ளுமாயின் நாம் அதனைக் குறித்துக் கவலையுற வேண்டுவதில்லை. ஆயின், பொரிப்பகங்களினின்று ஒருநாட் குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் வாங்கி வருவோர் இக்காலத்துப் பலர். அக்குஞ்சுகளுக்குத் தாயில்லை, தாயின் தொழிலை வாங்கியவரே ஏற்றல் வேண்டும். அஃது எங்ஙனம் என்பதை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

முதற்கண், குஞ்சுக்குப் புறவெப்பம் வேண்டப்படுவது ஏன்? வளர்ந்த கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 106 பாகை பாரன்ஹீட். மனிதர் உடல் வெப்பத்தினும் அது மிகுதி. புதுக்குஞ்சோ 30 அல்லது 40 கிராம் நிறையே உடையது. உடல் சிறிதாகுந்தோறும், நிறையை நோக்க அதன் மேற்பரப்பு மிகுதலின் வெப்பம் விரைந்து கழியும். பானைச் சோறு நெடுநேரம் சூடாயிருப்பவும், அதினின்று எடுத்த ஒரு கவளம் விரைவில் ஆறிவிடுதலைக் காண்கின்றோமன்றோ? மேலும், குஞ்சின் மேலிருப்பது மெல்லிய தூவியேயன்றி இறகன்று. தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் இரண்டு மூன்று வாரங்களிற் படிப்படியாகவே அதற்கு வாய்க்கின்றது.

குஞ்சுகள் இறப்பதைக் கண்டு, தீனி போதவில்லையென்று கருதுவோர் உளர். வெளிவருமுன் எஞ்சிய மஞ்சட்கருவைக் குஞ்சு தன் வயிற்றினுள் ஈர்த்துக்கொள்வதால், இரண்டு மூன்று நாட்களுக்கு அதுவே ஓரளவு உணவாகும். குளிருக்கோ அத்தகைய சேமிப்பு ஒன்றுமில்லை. குளிர்ந்த குஞ்சு இரையுங் கொள்ளாது. ஒன்றன்மேல் ஒன்றேறி நெருக்கிக்கொள்ளுதலால் அடியிற் கிடப்பவை மூச்சடைத்து மாளும்.

இனி, வெப்பமளிக்கும் முறையைக் காண்போம். முப்பது குஞ்சுகளுக்கு வீட்டின் காற்றுவீச்சில்லாத ஒரு பகுதியில், ஒன்றரை அடி உயரமுள்ள அட்டையையோ தகட்டையோ மூன்றடி அகல வட்டமாக வளைத்து நிறுத்துக. மூலையிருப்பின் குஞ்சுகள் அங்கே குவிந்து நசுங்குமாதலின் வட்டமே தக்கது. தரையில் நெல்லுமியை இரண்டங்குலம் பரப்புக. வழவழப்பான தாளை மட்டும் விரித்தால் கால்கள் சறுக்கி அகன்று முடமாகும். குஞ்சொன்றுக்கு இரண்டு வாட் என்னுங் கணக்கில் மின்விளக்குத் தொங்கவிடுதல் வழக்கம். 60 வாட் விளக்கொன்றினும் 40 வாட் விளக்கு இரண்டு நன்று. ஒன்று அணையினும் மற்றொன்று காக்கும். இதற்குப் பழைய இழை விளக்கே வேண்டும், எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிப் போதிய வெப்பந் தாராது. உமியில் விழுந்து தீப்பற்றாதபடி விளக்கைக் கம்பியால் உறுதியாகக் கட்டுக.

குஞ்சின் முதுகு மட்டத்தில் முதல் வாரம் 95 பாகை வெப்பம் இருத்தல் வேண்டும். பின்னர் வாரந்தோறும் 5 பாகை குறைத்து வருக. விளக்கை உயர்த்துதலே குறைக்கும் வழி. வட்டத்தின் ஒரு புறம் சற்றுக் குளிர்ந்திருத்தலும் இன்றியமையாதது. வேண்டுமிடத்தைக் குஞ்சே தேர்ந்துகொள்ளும்.

வெப்பமானி இல்லாதார் வருந்தற்க. குஞ்சுகளே வெப்பமானியாம். விளக்கடியிற் குவிந்து ஓயாது கத்துமாயின் குளிர். விலகிச் சிறகு தாழ்த்தி வாய்திறந்து இளைக்குமாயின் மிகுவெப்பம். ஒரு பக்கமாய் ஒதுங்குமாயின் எதிர்ப்பக்கம் காற்று வீசுகின்றது. எங்கும் பரவி மேய்ந்தும் உறங்கியும் இருக்குமாயின் யாவும் நலம். குஞ்சின் காலைக் கன்னத்தில் ஒற்றி, தண்ணென்றிருந்தால் குளிரென அறிதலும் எளிய வழி. நமது சித்திரை வைகாசிப் பகலில் விளக்கு வேண்டாததாகலாம். மார்கழியின் பின்னிரவே பெரிதும் அஞ்சத்தக்கது.

மின்சாரம் நின்ற இரவில் சிலர் கரியடுப்பைக் குஞ்சறையில் வைத்துக் கதவடைப்பர். அதினின்றெழும் கார்பன் மோனாக்சைடு, மணமும் நிறமுமின்றிக் குஞ்சுகளையும் உடனுறங்கும் மாந்தரையும் கொல்ல வல்லது. வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துணியிற் சுற்றி வைத்தலே ஏற்றது. அவை ஆறுந்தோறும் மாற்றுதல் வேண்டும்.

இவை சிறு செய்திகளெனத் தோன்றலாம். ஆயினும், சேமித்த சிறுபணங்கொண்டு முப்பது குஞ்சு வாங்கிய ஏழைத் தாய்க்கு அவை பிள்ளைகளின் புத்தகமும் உடையுமாம். ஓரிரவுக் குளிரில் பாதி மாளின் அவள் மீண்டும் வாங்குதற்கு வழியேது? அடைக்கோழி இரவெல்லாம் பொறுமையோடு செய்வதை நாம் ஒரு விளக்காலும், உறக்கத்தினிடையே இருமுறை எழுந்து நோக்குதலாலும் செய்கின்றோம். விளக்கு வெப்பந் தரும். எழுந்து நோக்குங் கண்ணே குஞ்சைக் காக்கும்.