பூவுக்குள் ஓர் உலக்கை

“ஃபெர்டிலைசேஷன்னா உரம் வைக்கிறதுதானே சித்தி?”

அக்கா மகள் போனில் இப்படிக் கேட்டபோது இரவு பத்தரை மணி இருக்கும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். வேளாண்மைப் பட்டப்படிப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்று வகுப்பில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். யூரியா மூட்டையில் பார்த்த சொல் மனதில் இருக்க, எழுந்து நின்று உரம் என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்திருக்கிறது. குரல் கம்மியிருந்தது.

நீ சொன்னதில் பாதி சரி என்றேன். இரண்டு சொல்லுக்கும் வேர் ஒன்றுதான். ‘ஃபெர்டிலிஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்கு விளையக்கூடியது, பலன் தரக்கூடியது என்று பொருள். மண்ணை விளைய வைப்பது ஃபெர்டிலைசர். சூலை விளைய வைப்பது ஃபெர்டிலைசேஷன். நாம் ஒன்றை உரம் என்றும் இன்னொன்றைக் கருவுறுதல் என்றும் தனித்தனியே வைத்துக்கொண்டதால் அந்த உறவு கண்ணில் படுவதில்லை. சிரித்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்காது.

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறுகிறவர்கள் முதல் வருடம் படும் பாடு எனக்குத் தெரியும், நானும் பட்டவள். நன்றாகத் தெரிந்த பொருளே முன்பின் தெரியாத பெயரோடு வந்து நிற்கும். மனப்பாடம் செய்து கடந்துவிடு என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். அந்தப் பெயர்களைப் பிளந்து பார்த்தால் உள்ளே வீட்டுச் சாமான்கள் இருக்கின்றன என்று யாரும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் இருந்த ஒற்றையடுக்குச் செம்பருத்தி ஒன்றைப் பறித்து, பழைய பிளேடால் நெடுக்காகக் கீறினோம். நடுவில் நீண்டு நிற்பது ஒரு குழல். அதன் மேல்பாதியில் மஞ்சள் பொடி சுமந்த சின்னச் சின்னப் பைகள். அவைதான் மகரந்தப்பைகள், ஆங்கிலத்தில் ஆந்தர். பையும் அதைத் தாங்கும் இழையும் சேர்ந்தது மகரந்தத்தாள், ஆங்கிலத்தில் ஸ்டேமன். அந்த லத்தீன் சொல்லுக்குத் தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல் என்று பொருள். அந்தக் காலத்து ரோமானியத் தறி நிமிர்ந்து நின்றது, பாவும் நிமிர்ந்து நின்றது. பூவுக்குள் நிமிர்ந்து நிற்கும் இழைகளுக்கு அதே பெயர் வந்தது. அவள் தாத்தா, அதாவது என் அப்பா, கைத்தறி நெய்தவர். “பாவா!” என்று அவள் சொன்ன விதத்தில் அந்தச் சொல் இனி மறக்காது என்று தெரிந்துவிட்டது.

செம்பருத்தியில் அந்த இழைகளெல்லாம் ஒட்டிக் குழலாகிவிடும். குழலுக்குள் ஊசி நுழைந்தாற்போல் போகிறது சூலகத்தண்டு. மேலே வெளியே வந்து ஐந்தாகப் பிரிந்து, நுனியில் ஐந்து சிவப்பு வெல்வெட் உருண்டைகள். அவை சூலகமுடி. அடியில் பச்சையாகப் புடைத்திருக்கும் சூலகப்பையைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள். அறைக்குள் ரவை மாதிரி வெள்ளை மணிகள். சூல்கள். முடி, தண்டு, பை மூன்றையும் சேர்த்து நாம் சூலகம் என்கிறோம். சூல் தங்கும் வீடு. ஆங்கிலத்தில் பிஸ்டில். லத்தீனில் அது உலக்கை. அடி பருத்து நடு மெலிந்து நிற்கும் வடிவத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர்.

பைகளில் இருந்த மஞ்சள் பொடிதான் மகரந்தம், ஆங்கிலத்தில் பாலன். லத்தீனில் அது நைசாகச் சலித்த மாவு. நம் மகரந்தத்துக்கு வடமொழியில் பூந்தேன் என்றே முதன்மையான பொருள். தமிழில் அது பூந்தூளுக்கு நிலைத்துவிட்டது. அந்தத் தூள் சூலகமுடியில் போய் விழுவது பாலினேஷன், மகரந்தச் சேர்க்கை. பலரும் அத்தோடு காரியம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. ஒட்டிய துகள் முளைவிடும். நுண்குழாய் ஒன்று தண்டுக்குள் இறங்கி, சூலைத் தேடிப்போகும். அதன் வழியே இரண்டு ஆண் செல்கள் செல்லும். ஒன்று முட்டைச் செல்லோடு சேர்வதே கருவுறுதல். இன்னொன்று வேறு உட்கருக்களோடு சேர்ந்து, குழந்தைச் செடிக்குக் கட்டுச்சோறு தயாரிக்கிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-ல் ரஷ்யத் தாவரவியலாளர் செர்கேய் நவாஷின் கண்டுபிடித்தார். நாம் குடிக்கும் இளநீரும், வடித்துத் தின்னும் சோறும் அந்தக் கட்டுச்சோறுதான்.

முட்டையும் ஆண் செல்லும் சேர்ந்து உண்டாகும் முதல் செல்லுக்கு ஆங்கிலத்தில் சைகோட். கிரேக்கத்தில் நுகத்தில் பூட்டப்பட்டது என்று பொருள். ஒரு நுகத்தடியில் இரண்டு மாடு. இதைவிடப் பொருத்தமான சித்திரம் எனக்குத் தெரிந்து எந்தப் பாடநூலிலும் இல்லை.

அந்த இரண்டு மாடும் ஒரே மாதிரி இழுக்குமா என்பதில்தான் மரபியல் தொடங்குகிறது. புருனோ நகரத்து மடாலயத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை கிரிகோர் மெண்டல் பட்டாணியை வைத்துப் பார்த்த வேலை அது. பட்டாணிப் பூ மூடியிருக்கும்போதே தன் மகரந்தத்தால் தானே கருவுறும். அதனால் அவர் மொட்டைப் பிரித்து, முதிராத மகரந்தப்பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, வேறு செடியின் தூளைத் தடவினார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் இப்படிக் கலந்தபோது முதல் தலைமுறை விதை எல்லாமே உருண்டை. அவற்றைத் தானாகக் கருவுற விட்டார். அடுத்த தலைமுறையில் 5474 உருண்டை, 1850 சுருக்கம். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று.

முன்னால் வந்து நின்ற தன்மை டாமினன்ட், மறைந்திருந்து பேரப்பிள்ளைகளிடம் திரும்பி வந்தது ரெசசிவ். நம் பாடநூல்களில் ஓங்கு, ஒடுங்கு. இந்த இடத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒடுங்கு என்றதும் வலுவிழந்தது, தோற்றது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. ஓங்கு என்றால் சிறந்தது, ஊரில் அதிகம் இருப்பது என்று நினைக்கிறார்கள். ஆறு விரலோடு பிறப்பது பல குடும்பங்களில் ஓங்குத் தன்மையாகத்தான் இறங்குகிறது. ஆனாலும் ஊரில் அது அபூர்வம். ரெசசிவ் என்பதன் லத்தீன் மூலத்துக்குப் பின்வாங்குதல் என்று பொருள். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் பின்னிடைவு என்று எழுதுகின்றன. எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். அதில் இழிவு இல்லை. ஜீனுக்கும் நாம் மரபணு என்கிறோம், அவர்கள் பரம்பரையலகு என்கிறார்கள்.

பட்டாணி ஏன் சுருங்குகிறது என்பதற்கான விடை 1990-ல்தான் கிடைத்தது. இங்கிலாந்தின் நார்விச் நகரில் உள்ள ஜான் இன்னஸ் நிலைய ஆய்வாளர்கள் அந்த மரபணுவையே பிரித்து எடுத்தார்கள். மாவுச்சத்துக்குக் கிளை வைக்கும் நொதி ஒன்றை உண்டாக்கும் மரபணு அது. சுருங்கிய விதையில் அதன் நடுவே ஏறக்குறைய 800 எழுத்து நீளத்துக்கு வேறொரு டி.என்.ஏ. துண்டு செருகிக்கொண்டிருந்தது. நொதி கெட்டுப்போக, சர்க்கரை மாவாக மாறாமல் தேங்கும்; தேங்கிய சர்க்கரை தண்ணீரை இழுக்கும்; விதை பருத்து, காயும்போது தோல் மடிந்து சுருங்கிவிடும். இரண்டு பிரதிகளில் ஒன்று நன்றாக இருந்தாலே போதிய நொதி கிடைத்துவிடும், விதை உருண்டையாக நிற்கும். ஓங்கு என்பதன் பொருள் இந்த இடத்தில் இவ்வளவுதான். அதே கலப்பு விதையின் மாவு மணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவில் இருக்கும். வெளியே உருண்டை, உள்ளே பாதிப் பாதி. இதைச் சொன்னபோது அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு யோசித்தாள்.

“அப்ப பூவே வேண்டாம்னு வளர்றதுக்கு?” என்று பின்கட்டு முருங்கையைக் காட்டினாள். அது பக்கத்து வீட்டிலிருந்து போத்து வெட்டி வந்து நட்டது. தாய் மரம் எப்படியோ அப்படியே மகள் மரமும். ஆங்கிலத்தில் அதற்குக் குளோன் என்று பெயர். கிரேக்கத்தில் அது மரக்கொப்பு. ஆய்வுக்கூடச் சொல் என்று நாம் மிரளுகிற குளோன், வேலியோரப் போத்துதான்.

அன்று சாயங்காலம் பூசணிக் கொடிக்குப் போனோம். அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சோடு இருப்பது பெண் பூ. மெல்லிய நீண்ட காம்பில் நிற்பது ஆண் பூ. மறுநாள் விரியப்போகும் இரண்டு பெண் மொட்டுகளையும் ஓர் ஆண் மொட்டையும் வண்டு, தேனீ நுழையாதபடி நூலால் கட்டினோம். காலை ஆறரைக்கு அவளே ஆண் பூவின் இதழைக் கிழித்தெறிந்துவிட்டு, ஒட்டும் மஞ்சள் தூளை ஒரு பெண் பூவின் முடியில் தடவி மறுபடி கட்டினாள். இன்னொன்றைத் தொடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டாள்.

ஐந்தாம் நாள் தொடாத பிஞ்சு மஞ்சளடித்து, தொட்டதும் கையோடு வந்தது. தடவியது கோழிமுட்டை அளவு பெருத்திருந்தது. இரண்டையும் படம் எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

“சித்தி, ரெண்டும் ஒரே கொடி, ஒரே எருதானே? அப்ப உதிர்ந்ததுக்கு ஃபெர்டிலைசர் காரணமில்ல. பாலினேஷன் நடக்கல, அதனால ஃபெர்டிலைசேஷன் இல்ல. நாளைக்கு வகுப்புல இந்தப் படத்தைக் காட்டப்போறேன்.”