அப்பாவித்தனம் என்னும் தகுதி

பல்லாவரத்துக்காரனுக்கு நந்தம்பாக்கம் வர்த்தக மையம் பக்கம்தான்; கழுத்தில் அட்டை தொங்கும் முகங்கள் பழக்கம். மிகெல் ஆர்டெட்டாவின் ‘சிடார் ராப்பிட்ஸ்’ (2011) அப்படியொரு முகத்தைப் பற்றியது. சிற்றூரைத் தாண்டாத காப்பீட்டு முகவர் டிம், கம்பெனிக்கு விருது வாங்கிவர மாநாட்டுக்கு அனுப்பப்படுகிறான். அவன் வெகுளித்தனம்தான் நகைச்சுவை என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. விருது ஒழுக்கத்துக்காம்; தருகிற தலைவரோ கடவுளைப் பேசிக்கொண்டே ரொக்கம் வாங்குகிறார். கொடுப்பவன் இந்த அப்பாவியேதான்!

‘தில்லு முல்லு’ (1981) முதலாளி தேங்காய் சீனிவாசனும் இதே பரீட்சைதானே வைத்தார்? மீசை வேணும், விளையாட்டுப் பித்து கூடாது. ரஜினியின் சந்திரன் அடக்கத்தை நடித்து வேலை வாங்கினான். டிம்முக்கு நடிக்கத் தேவையேயில்லை, நிஜமாகவே அடக்கமானவன். ஆனாலும் அது செல்லுபடியாகவில்லை. அளவுகோல் மேலே இருப்பவர் கையில் இருக்கிறதே. டிம் கடைசியில் மேடையேறி எல்லார் முன்னாலும் லஞ்சத்தைப் போட்டு உடைக்கிறான். சந்திரனுக்கு மேடை ஏது? மாட்டிக்கொண்டதும் இல்லாத இரட்டைச் சகோதரன் ஒருவனை உற்பத்தி செய்ய வேண்டியதாயிற்று.