பல் வரை செதுக்கினார்கள், கம்ப்யூட்டர் திணறியது!
ரோடு போட, வீடு கட்ட, பஸ் விட ஆசைப்பட்டு, கம்ப்யூட்டருக்குப் புது கார்டு வாங்கி மாட்டினார்கள். பர்ஸ் காலி. ஆனால் ஆட்டம் நகரவில்லை!

'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2' என்பது நகரம் கட்டும் விளையாட்டு. பின்லாந்து நாட்டு கம்பெனி கொலோசல் ஆர்டர் தயாரித்தது. 2023 அக்டோபர் 24-ந் தேதி விற்பனைக்கு வந்தது.

"நல்லா ஓடணுமா? ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு போடு" என்பது கம்பெனியின் சிபாரிசு. அந்தக் கார்டு மட்டும் 320 வாட் கரண்ட் இழுக்கும். அதற்கு 750 வாட் பவர் சப்ளை வேண்டும். ஆக, செலவு கார்டோடு முடியவில்லை.

அப்படியும் படம் தத்தித் தத்தி நடந்தது. காரணம் தெரிந்ததும் பலர் வாயைப் பிளந்தனர். தெருவில் எறும்பு போலத் தெரியும் ஆட்களுக்கு, வாய்க்குள் பல்லைக்கூட செதுக்கி வைத்திருந்தார்கள்! யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? தூரத்தில் தெரியும்போது உருவத்தைச் சுருக்கி வரையும் ஏற்பாடு அப்போது அவர்களுக்கு இல்லை. கார்டுக்கு மூச்சு வாங்கியது.

நினைத்த வேகம் வரவில்லை என்று விற்பனைக்கு முன்பே கம்பெனி ஒப்புக்கொண்டு விட்டது. திருத்தங்கள் பிறகுதான் வந்தன.

ஊர் பெருத்தால் இன்னொரு தொல்லை. ஜனங்களின் போக்குவரத்தைக் கணக்குப் பார்ப்பது பெரும்பாலும் பிராசசர். அது பழசாக இருந்தால், எந்தக் கார்டு போட்டாலும் பஸ் ஊர்ந்துதான் போகும்.