ஒப்புக்கு ஓரிடம்

சிறார் விளையாட்டில் மிக இளைய குழந்தையை 'ஒப்புக்குச் சப்பாணி' எனச் சேர்த்துக்கொள்ளும் வழக்கினை யாவரும் அறிவர். அக்குழந்தைக்கு ஆட்டத்தில் இடமுண்டு. ஆயின், அதன் வெற்றி தோல்விகள் கணக்கில் இல்லை. அலுவலகங்களிலும் அவைகளிலும் மகளிர்க்கு அளிக்கப்பெறும் இடம் சிலபோது இத்தன்மையதாய் முடிகின்றது. அதன் காரணத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ரோசபெத் மாஸ் கான்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியலறிஞர், 1977ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விளக்கியுள்ளார். ஒரு குழுவில் ஒரு சாரார் நூற்றுக்கு 15 பேருக்கு மிகாதிருப்பின், அவர்க்கு மூன்று இடர்கள் நேரும் என்பது அவர் கொள்கை. எல்லார் கண்களும் அவர்மேல் விழும். ஏனையோர்க்கும் அவர்க்கும் உள்ள வேற்றுமை மிகைப்படும். அவர் தம் இயல்பை விடுத்துப் பிறர் வகுத்த வேடத்தையே பூணல் வேண்டும். ஒருத்தி தவறினால் 'பெண்டிரே இப்படித்தான்' என்பர். வென்றாலோ 'இவள் விதிவிலக்கு' என்பர். ஆகவே, குறை பெண்ணின் ஆற்றலில் இல்லை. எண்ணின் சிறுமையிலேயே உளது.

முன்னோடி எவருமின்றி அரும்பணி ஆற்றியோர் இலரோ எனின், உளர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1927ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தெரிந்தெடுக்கப்பெற்றார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் அவையில் குரலெழுப்பினார். அம்முயற்சி முழுத் தடைச் சட்டமாக நிறைவுற்றது 1947ஆம் ஆண்டிலேயாம். அத்தகையார் ஒருவரைச் சுட்டி, ஏனையோர்க்கு இடம் வேண்டுவதில்லை என்பது முறையன்று.

நிற்க. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம், ஊராட்சிகளின் உறுப்பினர் இடங்களிலும் தலைமை இடங்களிலும் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாது மகளிர்க்கு ஒதுக்கியது. சில ஊர்களில் மனைவி கையொப்பமிட, கணவர் ஆட்சி புரிதலும் உண்டு. எனினும், சட்டோபாத்தியாயர், எஸ்தர் டூஃப்ளோ என்னும் பொருளியலறிஞர் இருவர் மேற்கு வங்கத்திலும் இராஜஸ்தானத்திலும் ஆராய்ந்து, மகளிர்க்குத் தலைமை ஒதுக்கப்பெற்ற ஊராட்சிகள் குடிநீர்ப் பணிகளை மிகுதியாகச் செய்தன என 2004இல் காட்டினர். தண்ணீர் சுமப்பவர்க்கன்றோ கிணற்றின் தொலைவு தெரியும்!

ஆதலின், இடம், எண், அதிகாரம் மூன்றும் ஒருங்கே அமைதல் வேண்டும். மாணவ நண்பர்காள்! நம் சங்கங்களில் பெண்ணொருத்தியை வரவேற்புரைக்கும் மாலை சூட்டலுக்கும் மட்டுமே அழைப்போமாயின், நாமும் ஒப்புக்கே இடமளித்தவராவோம். வரவு செலவும் தீர்மானமும் அவள் கையிலும் உளவோ என வினவுவதே நம் முதற் கடனாகும்.