90 வினாடி

2023இல் ஒரு நாள், பிலிமத்தலாவையில் கண்டி வீதியோரம் இருக்கும் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை லேப்பின் சேர்வரில் ஒரு வரியை அழித்தேன். ‘90 வினாடி சும்மா இரு’ என்று கணினிக்குச் சொல்கிற வரி அது. ஏன் சும்மா இருக்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. எழுதிய தம்பி 2022 பொருளாதார நெருக்கடியில் வெளிநாடு போய்விட்டார். அழித்த பிறகு மூன்று தடவை சேர்வரை நிறுத்திப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக எழும்பின. லேப் காலையில் ஒன்றரை நிமிடம் முந்தித் தயாரானது. நல்ல வேலை செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

2025 பெப்ரவரி 9 வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முற்பகலில் இலங்கை முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதுதான் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் சொன்னார். லேப்பில் இருக்கும் பற்றரி இருபது நிமிடம் தாங்கியது. பிறகு சேர்வரும் அணைந்தது. பல மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது சேர்வர், ரவுட்டர், பழைய அறிக்கைகளைச் சேமித்து வைக்கும் தனிப் பெட்டி மூன்றும் ஒரே நொடியில் உயிர்பெற்றன. அந்த நேரம் அங்கே யாரும் இல்லை.

திங்கட்கிழமை விடிய ஆறரைக்கு லேப் முதலாளி போன் பண்ணினார். சாப்பிடாமல் சீனி பார்க்க வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். “தங்கச்சி, பழைய ரிப்போர்ட் ஒண்டும் இல்ல. எல்லாம் அழிஞ்சு போச்சா?”

அழியவில்லை. ஆனால் நான் போய்ச் சேரும் வரைக்கும் எனக்கும் வயிறு கலங்கித்தான் இருந்தது. அறிக்கைகள் சேர்வருக்குள் இல்லை. தனிப் பெட்டியில் இருக்கின்றன. சேர்வரில் இருப்பது ஒரு வெற்று அறை மாதிரியான கோப்புறை. பெட்டியை அதனோடு பொருத்தினால், அந்தக் கதவைத் திறக்கும்போது பெட்டிக்குள் இருப்பவை தெரியும். பொருத்தாவிட்டால் வெற்று அறைதான் தெரியும். சேர்வர் அரை நிமிடத்தில் எழும்பிவிடுகிறது. பெட்டிக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டும். சேர்வர் பெட்டியைத் தேடியது, பதில் வரவில்லை, விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனது. அறிக்கை எழுதும் மென்பொருள் வெற்று அறையைத் திறந்து, இதுதான் தன் இடம் என்று நம்பி, காலையில் வந்த பதினான்கு பேருடைய அறிக்கைகளை அங்கேயே வைத்துவிட்டது. அந்த நிலையில் அவசரப்பட்டுப் பெட்டியைப் பொருத்தியிருந்தால் அந்தப் பதினான்கும் அதற்குப் பின்னால் மறைந்திருக்கும். முதலில் மென்பொருளை நிறுத்தினேன். பதினான்கையும் வேறிடத்துக்கு மாற்றினேன். அதன் பிறகே பெட்டியைப் பொருத்தினேன்.

முன்பு மூன்று தடவை சோதித்தபோது ஏன் இது தெரியவில்லை? அப்போது நான் சேர்வரை மட்டும்தான் நிறுத்தினேன். பெட்டியும் ரவுட்டரும் ஓடிக்கொண்டே இருந்தன. ஒன்றை ஒன்று நம்பி இருப்பவை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த நம்பிக்கை கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லாம் ஒன்றாக அணைந்து, ஒன்றாக எழும்ப வேண்டிய நாளில்தான் தெரிகிறது.

ஒரு கணினியைப் போட்டவுடன் திரையில் படம் வருவதற்குள் உள்ளே பல சிறு நிரல்கள் தொடங்குகின்றன. ஒன்று நேரத்தைச் சரிசெய்யும், ஒன்று வலையமைப்பை எழுப்பும், ஒன்று தரவுத்தளத்தைத் திறக்கும். எது முந்தி, எது பிந்தி என்று யாராவது சொல்ல வேண்டும். 1980களின் யுனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் காலத்திலிருந்து வந்த வழக்கம், ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் இரண்டு இலக்க எண் போடுவது. எஸ்20 முதலில் ஓடும், எஸ்35 பிறகு. நடுவில் ஏதாவது வந்தால் செருக இடைவெளி விட்டு எண் போடுவார்கள். லேப்பில் அந்தத் தம்பியும் அதே வழக்கத்தில் தனியாக ஒரு கோப்புறை வைத்து 10, 20, 30 என்று போட்டிருந்தார். 20 பெட்டியைப் பொருத்துவது, 30 தரவுத்தளம், 50 அறிக்கை மென்பொருள்.

இந்த முறையில் நான் காணும் குறை ஒன்றுதான், ஆனால் பெரியது. எண் வரிசையைச் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. 50 ஏன் 30க்குப் பிறகு? அது உண்மையில் 30ஐ நம்பி இருக்கிறதா, அல்லது அன்றைக்கு அந்த எண் காலியாக இருந்ததா? எழுதியவர் பக்கத்தில் இருக்கும்வரை கேட்கலாம்.

எண் போடாமலும் வரிசை தவறாமல் வேலை செய்யலாம். எங்கள் ஊரில் பித்தளை வேலை பெயர்போனது. எனக்குத் தெரிந்த பட்டறை பாஸ் ஒருவர் வார்ப்பு வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். மெழுகில் உருவம் செய்கிறார். அதன்மேல் மண் பூசுகிறார். காயவிட்டு, சூடாக்கி, மெழுகை உருக்கி வெளியே விடுகிறார். அந்த இடைவெளியில் உருக்கிய பித்தளையை ஊற்றுகிறார். அவரிடம் 10, 20, 30 என்று எந்தப் பட்டியலும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் அதற்கு முன் என்ன முடிந்திருக்க வேண்டும் என்று மட்டும் தெரியும். மெழுகு போகாமல் உலோகம் ஊற்ற முடியாது. ஆனால் அச்சு காய்ந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து அடுப்பில் பித்தளையை உருக்கலாம்; இரண்டுக்கும் ஒன்றையொன்று எதிர்பார்க்க வேண்டிய அவசியமில்லை. எண் போட்டிருந்தால் ஒன்று முடியும்வரை மற்றது வீணாகக் காத்திருக்கும். இன்னொன்றும் அவரிடம் கவனித்தேன். அச்சைச் செய்து முடித்ததும் ஊற்றிவிட மாட்டார். கையால் தொட்டுப் பார்த்து, ஈரம் இல்லை என்று உறுதியான பிறகுதான் ஊற்றுவார். ஈரம் இருந்தால் அது ஆவியாகி உருகிய உலோகத்தை வெளியே தெறிக்க வைக்கும்.

‘இதற்கு முன் இது’ என்ற துண்டுக் குறிப்புகளிலிருந்து முழு வரிசையையும் கணினியே கண்டுபிடிக்கும் வழியை ஆர்தர் கான் 1962இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ஒரு தாளில் செய்து பார்க்கலாம். வேலைகளை எழுதி, எது எதற்கு முந்தியதோ அதிலிருந்து அம்புக்குறி போடுங்கள். எந்த அம்பும் வந்து சேராத வேலை ஒன்று இருக்கும். அதை முதலில் செய்து, அதிலிருந்து புறப்படும் அம்புகளை அழியுங்கள். இப்போது இன்னொன்று விடுபட்டிருக்கும். இப்படியே போகலாம். வேலைகள் மிச்சம் இருந்தும் எல்லாவற்றின் மேலும் அம்பு இருந்தால், எங்கோ ஒரு வட்டம் இருக்கிறது: அது இதை எதிர்பார்க்கிறது, இது அதை எதிர்பார்க்கிறது. கணினிகளின் தொடக்கக் கோப்புகளுக்கு இந்த யோசனையை 2000ஆம் ஆண்டு நெட்பிஎஸ்டி 1.5 இயங்குதளம் கொண்டுவந்தது. டெபியன் லினக்ஸ் 2011இல் இந்த முறைக்கு மாறியது. இன்று பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி, 2010இல் லெனார்ட் பொட்டரிங்கும் கே சீவர்ஸும் தொடங்கியது.

வட்டத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையே ஞாபகம் வருகிறது. நுரைச்சோலை நிலக்கரி நிலையம் 900 மெகாவாட் தருகிறது. ஆனால் அது நின்றுவிட்டால், மறுபடி எழும்ப அதற்கே மின்சாரம் வேண்டும்: தண்ணீர் பம்புகள், பெரிய விசிறிகள், நிலக்கரியைத் தூளாக்கும் ஆலைகள் எல்லாம் ஓட வேண்டும். மின்சாரம் உண்டாக்க மின்சாரம். அந்த வட்டத்தை வெட்டுவது மலைநாட்டு நீர். கொத்மலை, விக்டோரியா மாதிரி நீர்மின் நிலையங்களுக்குத் தொடங்கக் கொஞ்ச மின்சாரம் போதும். மதகைத் திறந்தால் சுழலி சுழலும். சுழன்றால் மட்டும் போதாது, 50 ஹேர்ட்ஸில் நிலைத்து நிற்க வேண்டும். பிறகு ஒவ்வொரு லைனாகவும், ஒவ்வொரு ஊராகவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையை ஏற்றுவார்கள். ஏன் இன்னும் கரண்ட் வரவில்லை என்று அன்று நாங்கள் திட்டிக்கொண்டிருந்த மணித்தியாலங்களில், யாரோ இந்த வரிசையை ஒரு படிகூடத் தவறவிடாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

திங்கள் பகல் முழுவதும் லேப்பில் இருந்து அந்த எண்களைத் தூக்கிவிட்டு, எது எதை நம்பி இருக்கிறது என்று சிஸ்டம்டிக்கு எழுதினேன். சிஸ்டம்டியில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘இது எனக்கு வேண்டும்’ என்பது ஒரு வரி. ‘இதற்குப் பிறகு என்னைத் தொடங்கு’ என்பது வேறொரு வரி. முதலாவதை மட்டும் எழுதினால் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். இரண்டையும் எழுத வேண்டும். அதோடு, ‘தொடங்கிவிட்டது’ என்பதையும் ‘தயார்’ என்பதையும் பிரிக்க வேண்டும். பெட்டியை இரண்டு வினாடிக்கு ஒரு தடவை கூப்பிட்டு, பதில் வந்தால்தான் தயார் என்று சொல்லும் ஒரு சிறு நிரல் எழுதினேன். கையால் தொட்டு ஈரம் பார்ப்பது மாதிரி. ஐந்து நிமிடம் கழித்தும் பதில் இல்லாவிட்டால் அறிக்கை மென்பொருள் தொடங்கவே தொடங்காது. வெறுமையான அறையைக் காட்டுவதைவிட அது மேல்.

சோதிக்க நான் எதையும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. நுரைச்சோலை இன்னும் எழும்பாததால் மின்சார சபை ஒன்றரை மணி நேர வெட்டு அறிவித்தது. பற்றரியும் தீரும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்தது. 74 வினாடி ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். 75ஆவது வினாடியில் பெட்டி பதில் சொன்னது. பழைய அறிக்கைகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன.

இரவு அந்தத் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன், ஏன் 90 என்று. “பெட்டி எழும்ப எழுபத்தஞ்சு செக்கன் போகும் அக்கா. கொஞ்சம் கூட வச்சேன். எழுதி வைக்க மறந்துட்டன்.” அதை அப்படியே கோப்பின் முதல் வரியாகப் போட்டேன், திகதியோடு.